மாப்பிள்ளையின் தூண்டிலில் ரீல் இல்லை

"நன்னா பாரு. கம்பு இருக்கு. நூல் இருக்கு. மீன் இருக்கு. நடுவில ஒண்ணு இல்லை."

ராமசுப்ரமணியன் கைபேசியை மகளின் மூக்கருகே நீட்டினார். திரையில் ஓர் ஏரி. ஏரிக்கு முன்னால் மாப்பிள்ளை ப்ரசன்னா. ஒரு கையில் மூங்கில் தூண்டில். இன்னொரு கையில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு மீன். முகம் கொள்ளாத சிரிப்பு.

"என்ன இல்லை?" என்றாள் ஹம்சா.

"ரீல்! நூலைச் சுத்தற சக்கரம். ஸ்பின்னிங் ரீல்னு பேர். காலையிலேர்ந்து இதைத்தான் தேடிப் பாத்துண்டிருக்கேன். அது இல்லாம வெறும் கம்பை வச்சுண்டு நிக்கறார், பாவம்."

"அதனால?"

"அதனால நிச்சயதார்த்தத் தட்டில அதை வச்சுக் குடுக்கப் போறோம். வாங்கிண்டு வர வேண்டியது நீ. வீட்டில ஃபிஸிக்ஸ் படிச்சவ நீதான்."

"அவாதான் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாளே அப்பா."

"என்ன சொன்னா? முழுசா சொல்லு. 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். அப்புறம் உங்க இஷ்டம்.' முதல் வரி முடிவு. ரெண்டாவது வரி அதுக்குக் கீழே எழுதின குறிப்பு. முடிவை எவன் படிப்பான்? குறிப்பைத்தான் படிக்கணும்." மத்திய அரசில் ஒரு ஆயுள்காலம் முழுக்கக் கோப்புப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். "சொல்லாம சொல்லியிருக்கா. அந்த போட்டோவையே அனுப்பியிருக்காளே, சும்மாவா?"

ஹம்சாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு வராது. அதனால் அவளுக்குக் கோபமே வராது என்று தில்லி பூசா ரோடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்ல பெயர் இருந்தது. எழுந்து போய்ச் சமையலறையில் ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை மறுபடி கழுவினாள்.

அம்மா மீனாக்ஷி அங்கே வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டம்ளர் என்னடி பண்ணித்து உன்னை?"

"அம்மா, நம்மாத்தில வெங்காயமே வாரத்தில பாதி நாள்தான். மீன் பிடிக்கறவரை எப்படி ஒத்துண்டே?"

"பிடிப்பாராம். சாப்பிட மாட்டாராம். பிடிச்சு மறுபடியும் தண்ணியிலேயே விட்டுடுவாராம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. ஜாதகம் இவ்வளவு நன்னாப் பொருந்தியிருக்கேன்னு நானே அப்படி வச்சுண்டுட்டேன்."

"அவாளுக்கு வேற போட்டோவே கிடைக்கலையா?"

"உனக்கு மட்டும் கிடைச்சுதா? எல்லா போட்டோவிலேயும் தரையைப் பாத்துண்டு நிக்கறே. எதையோ தொலைச்சுட்டுத் தேடறவ மாதிரி. நேராப் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நைனிடால்ல எடுத்தது. அதைத்தான் அனுப்பினோம்."

ஹம்சாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. "அதையா? காலேஜ் டூர்ல எடுத்ததையா? அந்த வேஷத்தோடயா?"

"வேஷம் கிடக்கட்டும். முகம் பளிச்சுனு இருக்கு. கொஞ்சம் முறைக்கறே, அவ்வளவுதான்."

ஹம்சா அடுத்த டம்ளரை எடுத்தாள்.

உண்மையில் இந்த வரனுக்கு அவள் சரி என்று சொன்னதற்குக் காரணம் ஜாதகமும் இல்லை, போட்டோவும் இல்லை. மலை மந்திர் கோயில் வாசலில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏற்பாடு செய்து சந்தித்தார்கள். வழக்கம்போல ஹம்சா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த செருப்புகளை ஒரு கால் மெதுவாக நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. தன் செருப்பை மட்டுமில்லை. அவள் அம்மாவுடையதை, அப்பாவுடையதை, முன்பின் தெரியாத யாரோ ஒரு சர்தார்ஜியுடையதையும். அது ப்ரசன்னாவின் கால். முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் கால் போதும் என்று தோன்றிவிட்டது.

அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் ரீல் கேட்கிறான். நேராகக்கூடக் கேட்கவில்லை. போட்டோ அனுப்பிக் கேட்கிறான். அதுதான் எரிந்தது.

நேராகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் வழியில்லை. ப்ரசன்னாவுக்கு இதற்கு முன்னால் வந்த வரன் போனில் பேசிப் பேசியே முறிந்துபோனதாம். அதனால் நிச்சயம் முடியும்வரை பெண்ணும் பிள்ளையும் பேசக் கூடாது என்று அவனுடைய அத்தை சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம். எல்லாச் செய்தியும் ஜம்பு மாமா வழியாகத்தான் போகும், வரும்.

ஜம்பு மாமா தில்லியில் பல கல்யாணங்களை முடித்துவைத்தவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. கேள்வியை எடுத்துக்கொண்டு போவார். பதிலை எடுத்துக்கொண்டு வருவார். ஏன் கேட்கிறார்கள் என்பதை மட்டும் எடுத்துப் போக மாட்டார், எடுத்து வரவும் மாட்டார்.

"காரணத்தைத் தூக்கிண்டு போனா கல்யாணம் நின்னுடும்" என்பார். "என் சர்வீஸ்ல ஒரு கல்யாணம் நின்னதில்லை."

முதல் ரீலைத் தம்பி வெங்கி வாங்கினான். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அவனுக்கு எதையும் ஜல்தியாக முடித்துவிட வேண்டும்.

"இதில ஆயிரம், ரெண்டாயிரம், எட்டாயிரம்னு சைஸ் இருக்கு. மீன் இத்தாபெரிசா இருக்கே, எட்டாயிரமே போட்டுடறேன். பக்கா." போனில் அமுக்கிவிட்டான்.

அது வந்து சேர்ந்த நேரம், கூடத்தில் மாமிகள் உட்கார்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் நாலு பக்கமும் வாயைப் பிளந்த மீன். மீனாக்ஷி பாய்ந்துபோய்ப் பெட்டியைப் பிய்த்துப் பால்கனியில் எறிந்துவிட்டு, உள்ளே இருந்ததை மட்டும் கொண்டுவந்து புடவைத் தலைப்பால் மூடினாள். அது மூடினால் மறைகிற அளவில் இல்லை. குக்கர் அளவுக்கு இருந்தது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி.

"அது என்ன மீனாக்ஷி?" என்றாள் ஒரு மாமி.

"காபிக்கொட்டை அரைக்கற மிஷின்" என்றாள் மீனாக்ஷி.

"கையால சுத்தறதா?"

"ஆமா. கரண்ட்ல அரைச்சா வாசனை போயிடறதாம்."

மாமிகள் சகஸ்ரநாமத்தை நிறுத்திவிட்டுச் சுற்றிச் சூழ்ந்தார்கள். ஒருத்தி கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். "வழவழன்னு போறதே! எனக்கும் ஒண்ணு சொல்லேன்." இன்னொரு மாமி சமையலறைக்கே போய் ஒரு பிடி காபிக்கொட்டை எடுத்துவந்து, எங்கே போடுவது என்று தேடி, தெரிந்த இடுக்கில் எல்லாம் போட்டாள்.

மறுநாள் திருப்பி எடுத்துக்கொள்ள வந்த ஆள் ரீலைக் காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே கடகடவென்றது.

"யே க்யா ஹை, மேடம்?"

"காபி" என்றாள் ஹம்சா.

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ரீலை அவளிடமே கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

ஹம்சா ரீலைக் கழுவினாள். டம்ளர்களையும் கழுவினாள்.

"கடையிலேயே போய் வாங்கிடு" என்றார் அப்பா. "நாலையும் கேட்டு, சரியா வாங்கணும்."

பழைய தில்லியின் சந்து ஒன்றில் ஒரு கடை இருந்தது. சுவர் முழுக்கத் தூண்டில்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஹம்சாவைப் பார்த்தார். அவள் ஒரு சோதனைக்கூடத்தில் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். எந்தப் பொருளையும் எண்களாகக் கேட்டால் பிடித்துக்கொள்வாள். அவர் ரீலின் எண் எதுவும் கேட்கவில்லை.

"எந்தக் கையால் வீசுவார்? ஆள் எவ்வளவு உயரம்? ஆற்றிலா, கடலிலா?" என்று இந்தியில் அடுக்கினார். "இதெல்லாம் தெரியாமல் ரீல் வாங்குவது, கால் பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி."

கால் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். திரும்பி வந்தாள்.

ஜம்பு மாமா வரவழைக்கப்பட்டார். ஃபில்டர் காபியை உறிஞ்சிவிட்டுக் கேள்வியை வாங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளைக்கு வலது கையா, இடது கையா. அவ்வளவுதானே? ஏன்னு சொல்லாதேள்."

மறுநாள் பதிலோடு வந்தார். "வலது கை. அவாத்திலேர்ந்தும் ஒரு கேள்வி. பொண்ணுக்கு எந்தக் கை?"

"எதுக்காம்?" என்றாள் ஹம்சா.

"அம்மாடி, நான் தபால்காரன். கவரைப் பிரிக்கப்படாது."

"வலதுதான்னு சொல்லுங்கோ" என்றார் ராமசுப்ரமணியன். "எங்காத்தில எல்லாம் சோத்தாங்கைதான்." பிறகு மகளிடம், "சம்பிரதாயம் பாக்கறவா. இடது கைக்காரியா இருந்தா விளக்கேத்தச் சொல்ல மாட்டா போலருக்கு" என்று விளக்கினார்.

அடுத்த கேள்வி போனது. மாப்பிள்ளை சரியாக எவ்வளவு உயரம்?

பதில் வந்தது. கூடவே: "பொண்ணோட கை நீளம் எவ்வளவு? தோளிலேர்ந்து ஆள்காட்டி விரல் நுனி வரைக்கும்."

ராமசுப்ரமணியன் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"வளையலுக்கா இருக்கும்" என்றாள் மீனாக்ஷி.

"வளையலுக்கு எதுக்கும்மா தோள்?" என்றாள் ஹம்சா.

"வங்கி! பழைய நகை. தோள்ல போடறது. நல்ல இடம்டி இது."

அம்மாவே தையல் டேப்பை எடுத்துவந்து அளந்தாள். ஹம்சா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஃப்ரிட்ஜ் வாங்க வருகிறவர்கள் வாசற்படியை அளப்பார்கள். இவர்கள் கையை அளக்கிறார்கள். வங்கி என்றால் விரல் நுனி எதற்கு? கேட்க வாய் வரவில்லை. அன்று டம்ளர் தீர்ந்துபோய்க் கரண்டிகளைக் கழுவினாள்.

வீட்டு வேலைக்கு வரும் சந்திரம்மாள் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. "ஏம் பாப்பா, எனக்குத்தான் ஒண்ணுமே வேலை வெக்காம நீயே எல்லாத்தையும் தேச்சு வெக்கிறியே, யாரு மேல கோவம்?"

"யார் மேலயும் இல்லை, சந்திரம்மா."

"மீனு வேணும்னா ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல வெட்டியே குடுக்கறான். அதுக்கு எதுக்கு இம்மாம் பாடு?"

மூன்றாவது கேள்வியை ராமசுப்ரமணியன் மிகவும் சாமர்த்தியமாக அமைத்தார். "மாப்பிள்ளைக்கு வெளியூர் போனா ஆத்தங்கரை பிடிக்குமா, கடற்கரை பிடிக்குமா?"

ஜம்பு மாமா இந்தத் தடவை ஒரே மூச்சில் கொட்டினார். "ஆத்தங்கரைதானாம். அத்தை கேக்கறா: பொண்ணுக்கு வலது கண்ணு பார்வை எப்படி? லைசென்ஸ் இருக்கா? கோபம் அடிக்கடி வருமா?"

"வலது கண்ணா?" என்றாள் மீனாக்ஷி. "ஒரு கண்ணு மட்டுமா?"

"நான் தபால்காரன்."

"ரெண்டு கண்ணும் பிரமாதம்னு சொல்லுங்கோ" என்றார் ராமசுப்ரமணியன். "கண்ணாடியே கிடையாது. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. கோபமா? இவளுக்கா? சத்தமே வராது. இருக்கற இடம் தெரியாது. சொல்லாம கொள்ளாம காரியத்தை முடிச்சுடுவா."

ஜம்பு மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"சந்தோஷப்பட்டாளா?"

"'அப்படியா'ன்னா. மாப்பிள்ளை எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சார்."

"வெட்கம்" என்றாள் மீனாக்ஷி.

ஹம்சா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எந்தக் கை, கை நீளம், வலது கண். அடுத்தது பல். மாட்டுச் சந்தையில்கூட விலையைச் சொல்லிவிட்டுத்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். செருப்புகளை நிழலுக்குத் தள்ளியவன் இந்தக் கேள்விகள் போகும்போது எங்கே இருந்தான்? தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ரீல் கடையிலிருந்து வந்தது. ஆற்றுக்கு ஏற்ற சின்ன அளவு. அதில் வேறொரு சிக்கல்.

"கைப்பிடி ஏன் இடது பக்கம் இருக்கு?" என்றார் அப்பா.

"வலது கையால கம்பைப் பிடிச்சுப்பா. இடது கையால சுத்துவா. அதுதான் முறையாம்."

"மங்கள காரியத்தில பீச்சாங்கையா! நான் மாத்தறேன்."

"மாத்தலாம் அப்பா. அந்தப் பக்கத்து மூடியைக் கழட்டினா..."

அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் வேறொரு மூடியைக் கழற்றிவிட்டார். நூல் இழுக்கும்போது பிடித்து நிறுத்துகிற பிரேக் மாதிரியான பாகம் அது. உள்ளிருந்து மெல்லிய வில்லைகள் வரிசையாகப் பறந்தன. ஒன்று தேங்காய்த் துருவலில் விழுந்தது. அதே சமயம் கூடத்தின் மறுகோடியில் வெங்கி நூல் சுற்றுவதற்காக நூல் உருளையைப் பிரித்து வைத்திருந்தான்.

"அரே, பிடிங்கோ!" என்று கத்தினான்.

நைலான் நூலுக்கு ஞாபகசக்தி அதிகம். சுருண்டு இருந்ததை அது மறப்பதில்லை. கட்டை அவிழ்த்ததும் சுருள் சுருளாக எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. நாற்காலிக் கால், ஃபேன் சுவிட்சு, வெங்கியின் கண்ணாடி எல்லாவற்றையும் கோத்தது. கையில் தயிர்ப் பாத்திரத்தோடு வந்த மீனாக்ஷி நடுக்கூடத்தில் அசையாமல் நின்றாள். ஒரு கால் முன்னால். ஒரு கால் பின்னால். கோயில் சிற்பம் மாதிரி.

"ஏன்னா, நான் என்ன பண்ணட்டும்?"

"ஆடாதே. தயிர் சிந்தும்."

சந்திரம்மாள் சமையலறையிலிருந்து அருவாமனையைத் தூக்கிக்கொண்டு வந்து, வயல் அறுக்கிற மாதிரி குனிந்து அறுத்துக்கொண்டே போனாள். "பெரீய மீனாத்தான் மாட்டியிருக்கு" என்று மீனாக்ஷியின் காலை விடுவித்தாள்.

ஹம்சா வில்லைகளைத் துடைத்து ரீலை மறுபடி பூட்டினாள். ஒரு வில்லை மிஞ்சியது. மறுபடி கழற்றிப் பூட்டினாள். இப்போது இரண்டு மிஞ்சின.

அவள் அதை மேஜைமேல் வைத்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மறுபடி அந்தச் சந்துக்குப் போனாள்.

அவள் முடிவு செய்துவிட்டாள். நிச்சயதார்த்தத்தில் ரீலை அவன் முன்னால் வைத்து, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லப்போகிறாள். அத்தனை பேர் முன்னால். வாய் திறந்து. அப்படித் தூக்கி வைக்கப்போகிற பொருளில் ஒரு குறை இருக்கக் கூடாது. மட்டமான ரீலைக் கொடுத்தார்கள், அதனால்தான் நின்றது என்று ஒரு பேச்சு வரக் கூடாது.

கைப்பையில் சோதனைக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய வில்தராசு இருந்தது. ஒவ்வொரு ரீலாக நூலை மாட்டி இழுத்தாள். எந்த எடையில் நழுவத் தொடங்குகிறது, திணறாமல் நழுவுகிறதா, விட்டு விட்டு நழுவுகிறதா என்று பார்த்தாள். சிலதை விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி, தானாக நிற்கும்வரை காதில் வைத்துக் கேட்டாள். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு டீ வரவழைத்தார். பிறகு வேறு வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொன்னார்.

"மேடம்ஜி, இவ்வளவு அன்பாக யாரும் ரீல் வாங்கி நான் பார்த்ததில்லை" என்றார். "யாருக்கு?"

"ஒருத்தருக்கு" என்றாள் ஹம்சா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசியில் தேர்ந்தெடுத்தது கறுப்பும் வெள்ளியுமாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல் சுழன்றது. நல்ல பொருள். அதுவும் ஒரு எரிச்சல்.

நிச்சயதார்த்தம் பூசா ரோடுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில். ஒரு பக்கம் இவர்கள் தட்டுகள், எதிர்ப் பக்கம் அவர்கள் தட்டுகள். வெற்றிலை, பழம், பருப்புத் தேங்காய். இவர்கள் பக்கத்துக் கடைசித் தட்டில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ரீல். அவர்கள் பக்கத்துக் கடைசித் தட்டு தட்டே இல்லை. நீளமான மரப்பலகை. சிவப்புப் பட்டால் மூடியிருந்தது.

"வீணை!" என்று மீனாக்ஷி கணவர் காதில் கிசுகிசுத்தாள். "விரல் நுனி வரைக்கும் ஏன் அளந்தான்னு இப்போதானே தெரியறது!"

"வீணைன்னா குடம் எங்கே? இது புல்லாங்குழல்."

"இவ்வளவு நீளத்துக்கா?"

ப்ரசன்னா ஹாலின் கோடியில், அத்தைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஹம்சாவைப் பார்க்கவில்லை. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். புடவைத் தலைப்பைச் சரிசெய்ய அவள் கையைத் தூக்கியபோது அவன் நாற்காலி ஓரங்குலம் பின்னால் போனது. அவளுக்கு அதுவும் தெரிந்தது. தரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை பருமனான, நிதானமான மனுஷி. புன்னகைத்துக்கொண்டே இருந்தாள். புன்னகை கொஞ்சம் விறைப்பாக இருந்தது.

சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகையைக் கையில் எடுத்தார். "ரெண்டு பக்கமும் சம்மதம்தானே?"

ஹம்சா எழுந்தாள். நேராகக் கடைசித் தட்டுக்குப் போனாள். ரீலை எடுத்தாள். ஹாலைக் கடந்து ப்ரசன்னாவின் முன்னால் போய் நின்றாள். இருக்கிற கோபத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தாங்கோ" என்றாள். அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "நீங்க ஆசைப்பட்ட ரீல். நன்னாப் பாத்து, இழுத்து, எடை போட்டு வாங்கியிருக்கேன். எடுத்துக்கோங்கோ. ஆனா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"ஹம்சா!" என்றார் ராமசுப்ரமணியன்.

"இரு அப்பா. ஒரு தடவை பேசிட்டு நிறுத்திடறேன். எந்தக் கைன்னு கேட்டா. கையை அளந்து அனுப்பச் சொன்னா. வலது கண்ணு தெரியுமான்னு கேட்டா. நான் என்ன சந்தையில நிக்கற மாடா? ஒண்ணும் வேண்டாம்னு வாயால சொல்லிட்டு, ரீல் இல்லாத தூண்டிலைக் கையில பிடிச்சுண்டு போட்டோ அனுப்பறவரை எனக்கு வேண்டாம். துடிக்கத் துடிக்க ஒரு உயிரைத் தூக்கிப் பிடிச்சுண்டு, இவ்வளவு அழகாச் சிரிக்கறவரை எனக்கு வேண்டவே வேண்டாம்!"

ஜம்பு மாமா காபி டம்ளரை வாயருகே வைத்தபடி நின்றார். தன் சர்வீஸில் முதல் தடவையாக ஒரு காரணம் வெளியே வந்து விழுவதைப் பார்த்து அவருக்கு வியர்த்தது.

ப்ரசன்னா மெல்ல எழுந்தான். இரண்டு கைகளையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு எழுந்தான். ரீலைத் தயங்கித் தயங்கி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"காபி மிஷினா?" என்றான்.

"என்னது?"

"எனக்கு நிஜமாவே தெரியலை. நான் மீனே பிடிச்சதில்லை. மீன்னா எனக்கு... கிட்ட போனாலே உமட்டும். அது ரப்பர் மீன். கம்பும் அந்த போட்டோக்காரனோடதுதான். நான் சிரிச்ச போட்டோ வேற எதுவும் இல்லைன்னு அத்தைதான் அதை அனுப்பினா."

ஹம்சா நின்றாள். அவள் திரட்டிக்கொண்டு வந்த கோபம் போக இடமில்லாமல் கையிலேயே நின்றது. மறுபடி தரையைப் பார்த்தாள். அவனுடைய கால் மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"அப்படின்னா எதுக்கு என் கையை அளந்தேள்?" என்றாள் மெதுவாக.

அவன் அத்தையைப் பார்த்தான்.

அத்தை பெருமூச்சோடு எழுந்து போய்ச் சிவப்புப் பட்டை விலக்கினாள். பலகைமேல், கட்டையில் மஞ்சள் கயிறு கட்டி, குழலின் நுனியில் குங்குமம் வைத்து, புத்தம்புது ஏர்கன் ஒன்று பளபளத்தது. அத்தை திரும்பி வந்து ப்ரசன்னாவை இன்னும் ஓரடி தனக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, ஹம்சாவைப் பயத்தோடு பார்த்துக் கேட்டாள்:

"மீன் ரப்பர்தாம்மா, நைனிடால்ல வாடகைக்குக் குடுத்தான், உன் போட்டோவில அதே ஏரிக்கரையில கறுப்புத் துணியைத் தலையில கட்டிண்டு குறி பாத்துண்டு நின்னியே, உன் துப்பாக்கியாவது நிஜம்தானே?"